முதலில் அவர் பக்கம், பிறகு நம் பக்கம்



சமய வகுப்பில் தேவாரம் பாடக் கற்றுக்கொள்கிறோம். திருநீறு அணியும் முறையைக் கற்றுக்கொள்கிறோம். பண்டிகைகளின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். ஆனால் ஒரு பாடம் மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகிறது. நம்மோடு உடன்படாத ஒருவரிடம் நம் சமயத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? இந்த மாதம் அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்வோம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்கு இது தள்ளிப்போட முடியாத பாடம். பள்ளியில் பக்கத்து மேசையில் இருப்பவர் வேறு சமயம். பல்கலைக்கழக விடுதியில் அறைத்தோழி வேறு சமயம். சில வீடுகளில் சொந்த அண்ணனே வேறு சமயம். சமயமே வேண்டாம் என்று சொல்லும் நண்பர்களும் நமக்கு உண்டு. தைப்பூசம் முடிந்த வாரம் பாருங்கள், கேள்விகள் வரிசையாக வரும். "ஏன் உடம்புல வேல் குத்துறீங்க?" "கல்லைப் போய் எப்படிக் கும்பிடுறீங்க?" "உங்களுக்கு மொத்தம் எத்தனை சாமி?"

இப்படிக் கேட்டால் நம்மில் பலர் மூன்றில் ஒன்றைச் செய்கிறோம். சிலர் சிரித்து மழுப்பிவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள். சிலருக்குக் கோபம் வந்துவிடுகிறது. "உங்க சமயத்துல மட்டும் என்ன ஒழுங்கா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். இன்னும் சிலர், "எல்லா மதமும் ஒண்ணுதான் லா" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். மூன்றிலும் பேச்சு அங்கேயே நின்றுபோகிறது. கேட்டவர் ஒன்றும் தெரிந்துகொள்வதில்லை. நாமும்தான்.

நான் சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர் வகுப்பு நடத்தி வருகிறேன். இந்தக் கேள்விகளை வகுப்பில் பலமுறை எடுத்துப் பேசியிருக்கிறோம். அதில் எனக்குத் தெளிவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிரில் இருப்பவரின் நம்பிக்கையை, "ஆமாம், நான் சொல்றது அதுதான்" என்று அவரே ஒப்புக்கொள்ளும்படி நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் உங்கள் பதில். இந்த வழியை நான் கண்டுபிடிக்கவில்லை. நம் சாத்திர மரபு பல நூற்றாண்டுகளாக இதைத்தான் செய்து வந்திருக்கிறது.

மூன்று வகைப் பேச்சு

"சும்மா விதண்டாவாதம் பண்ணாதே" என்று பாட்டி திட்டியதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? கௌதமர் எழுதிய நியாய சூத்திரத்திலிருந்து. அந்த நூல் மனிதர்கள் செய்யும் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது: வாதம், ஜல்பம், விதண்டை.

வாதம் என்பது உண்மையைத் தெரிந்துகொள்ள இருவர் பேசுவது. குருவும் சீடனும் பேசுவது போல. தோற்றாலும் லாபம்தான், ஏனென்றால் தெரியாத ஒன்று தெரிந்துவிடுகிறது. ஜல்பம் என்பது ஜெயிப்பதற்காகப் பேசுவது. அடுத்தவர் சொன்ன சொல்லுக்கு வேறு அர்த்தம் கற்பித்து மடக்குவதெல்லாம் இதில் நடக்கும். விதண்டை இன்னும் ஒரு படி கீழே. தன் பக்கம் என்று எதையும் நிறுவாமல், மற்றவர் சொல்வதை உடைப்பது மட்டுமே அதன் வேலை.

உங்கள் நண்பர் ஒரு கேள்வி கேட்டவுடன் மனசுக்குள் இதைக் கேட்டுப் பாருங்கள். இது வாதமா, ஜல்பமா, விதண்டையா? அதோடு நிறுத்தாமல் இன்னொன்றும் கேளுங்கள். நான் இப்போது செய்யப்போவது எது? அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கலாம். நாம்தான் ஜல்பத்தில் இறங்கிவிடுவோம்.

அருணந்தி சிவாசாரியார் செய்தது

சைவ சித்தாந்த சாத்திரங்கள் 14. அவற்றில் மெய்கண்டாரின் சிவஞான போதத்துக்கு விளக்கமாக அமைந்தது சிவஞான சித்தியார். எழுதியவர் 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணந்தி சிவாசாரியார். அந்த நூலுக்கு இரண்டு பகுதிகள். ஒன்று பரபக்கம், அதாவது பிறர் பக்கம். மற்றொன்று சுபக்கம், அதாவது நம் பக்கம்.

எது முதலில் வருகிறது என்று கவனியுங்கள். பிறர் பக்கம்தான் முதலில்.

பரபக்கத்தில் 14 கொள்கையினர் வருகிறார்கள். கண்ணால் காண்பது மட்டுமே உண்மை என்னும் உலகாயதரில் தொடங்கி, பௌத்தரில் 4 பிரிவினர், சமணர், ஆசீவகர் என்று வரிசை போகிறது. மாயாவாதியும் பாஞ்சராத்திரியும்கூட அதில் உண்டு. இன்று நாம் "இந்து" என்று ஒரே பெயரில் சேர்த்துச் சொல்பவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு கொள்கைக்கும் ஆசிரியர் இரண்டு வேலை செய்கிறார். முதலில், "இவர் சொல்வது இது" என்று அந்தக் கொள்கையை எடுத்து வைக்கிறார். அடுத்துத்தான் மறுப்பு. மறுப்பு கடுமையாகவே இருக்கும். ஆனால் எதை மறுக்கிறோம் என்பதை முதலில் சொல்லாமல் ஒரு அடிகூட எடுத்து வைப்பதில்லை.

இந்த அருணந்தியாரைப் பற்றி மரபு சொல்லும் செய்தி ஒன்றும் உண்டு. ஆகமங்கள் அனைத்தையும் கற்ற இவரைச் 'சகலாகம பண்டிதர்' என்று அழைத்தார்கள். மெய்கண்டாரின் குடும்பத்துக்கே இவர்தான் குரு. வயதில் சிறியவரான மெய்கண்டார் மாணவர்களுக்குப் பாடம் சொல்வதைக் கேள்விப்பட்டு, சோதித்துப் பார்க்க வந்தாராம். ஆணவம் எப்படியிருக்கும் என்று கேட்டாராம். பதில் பேசாமல் மெய்கண்டார் அவரையே ஏற இறங்கப் பார்க்க, "ஆணவத்தின் வடிவம் நான்தான்" என்று உணர்ந்து அந்தச் சிறுவரிடமே சீடரானார் என்று சொல்வார்கள். அடுத்தவர் கொள்கைகளையெல்லாம் அலசி மறுத்த பேனா, முதலில் தன்னைத் திருத்திக்கொண்ட ஒருவர் கையில் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லவேண்டும்.

நாவலர் எதைப் படித்தார்?

கொஞ்சம் அண்மைக் காலத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) சைவத்துக்காக எழுதியவர், பேசியவர் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் படித்ததும் பின்னர் கற்பித்ததும் ஒரு கிறிஸ்துவ மிஷன் பள்ளியில். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணையாக உழைத்தவரும் நாவலரே. ஆக, அவர் பைபிளை வரிவரியாக அறிந்திருந்தார்.

கோவில் வழிபாட்டைப் பாதிரியார்கள் கேலி செய்து எழுதிய காலம் அது. நாவலர் 1854-ல் 'சைவ தூஷண பரிகாரம்' என்ற நூலை வெளியிட்டார். விளக்கு, தூபம், நிவேதனம் என்று நீங்கள் பழிக்கும் முறைகள் உங்கள் வேதத்தின் பழைய ஏற்பாட்டுக் கோவில் வழிபாட்டிலும் இருக்கின்றனவே என்று அவர்கள் நூலைக் கொண்டே காட்டினார். நாவலரின் நடை காரமானது. அது அந்தக் காலத்துச் சண்டை. அந்தக் காரத்தை நாம் சிற்றுண்டிச்சாலை மேசைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. அவருடைய படிப்பைத்தான் கொண்டுபோக வேண்டும். அடுத்தவர் நூலின் ஒரு பக்கம்கூடத் தெரியாமல் அடுத்தவர் சமயத்தைப் பற்றிப் பேசும் பழக்கம் அவரிடம் இல்லை.

"எல்லாம் ஒண்ணுதான்" என்பது மரியாதையா?

இந்த இடத்தில் சிலருக்கு என் மேல் வருத்தம் வரலாம். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

"எல்லா மதமும் ஒண்ணுதான்" என்று நாம் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் கேட்பவர் காதில் அது எப்படி விழும்? உங்கள் முஸ்லிம் தோழி ஐந்து வேளை தொழுகிறாள், நோன்பு நோற்கிறாள். இறைவனுக்கு இணை வைப்பதே மிகப் பெரிய பாவம் என்று அவள் நம்புகிறாள். அவளிடம் போய், "நீயும் நானும் ஒண்ணுதான் கும்பிடுறோம்" என்றால், அவள் உயிராக நினைக்கும் ஒன்றை நாம் காதிலேயே வாங்கவில்லை என்று ஆகிறது. அவளுடைய நம்பிக்கைக்கு அவளைக் கேட்காமலேயே நாம் ஓர் உரை எழுதிவிடுகிறோம்.

எல்லா வழிகளும் இறைவனிடம் சேரும் என்பது நம்மில் பலருடைய ஆழ்ந்த நம்பிக்கை. அதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் "இது எங்க நம்பிக்கை, உங்களுக்கு இதுல வேற கருத்து இருக்கும்னு தெரியும்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அருணந்தியார் 14 கொள்கைகளையும் ஒன்று என்று சொல்லியிருந்தால் பரபக்கம் எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. வித்தியாசத்தை வித்தியாசமாகப் பார்ப்பதும் மரியாதைதான்.

ஒரு கேள்வியை எடுத்துப் பார்ப்போம்

"கல்லை ஏன் கும்பிடுறீங்க?" வகுப்பில் இதை நாங்கள் ஐந்து படியாகப் பழகுகிறோம்.

முதல் படி: கேள்வியின் வேரைத் தேடுங்கள். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வரலாம். முஸ்லிம் நண்பர் கேட்டால், இறைவனை எந்த உருவத்திலும் காட்ட முடியாது, காட்டக் கூடாது என்பது அவருடைய அடிப்படை. கிறிஸ்துவ நண்பர் கேட்டால், பத்துக் கட்டளைகளில் உருவ வழிபாட்டுக்கு இருக்கும் தடை அவர் மனசில் இருக்கும். பகுத்தறிவு பேசும் மாமா கேட்டால், பாலைக் கல்லில் ஊற்றுவதற்குப் பதில் பசித்த குழந்தைக்குக் கொடுக்கலாமே என்பது அவர் கவலை. மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இருவருக்குப் பொருந்தாது. அதனால், "நீங்க எதை நினைச்சு இதைக் கேக்குறீங்க?" என்று முதலில் விசாரியுங்கள்.

இரண்டாம் படி: அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். "இறைவன் எதைப் போலவும் இல்லாதவர், அதனால உருவம் வெச்சா அவரைச் சின்னதாக்குறோம்னு நீங்க நினைக்கிறீங்க. சரிதானே?" அவர் "ஆமாம்" என்று சொல்லும்வரை மூன்றாம் படிக்குப் போகாதீர்கள். அவர் "அப்படி இல்ல" என்றால் மறுபடியும் கேளுங்கள்.

மூன்றாம் படி: உண்மையாகவே ஒத்துப்போகும் இடம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். இந்தக் கேள்வியில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. இறைவன் உருவத்துக்குள் அடங்காதவன் என்பதை நாமும் சொல்கிறோம். சைவம் அருவம், அருவுருவம், உருவம் என்று மூன்று நிலைகளைப் பேசுகிறது. நடராசர் உருவம். சிவலிங்கம் அருவுருவம். இரண்டையும் கடந்த நிலை அருவம்.

நான்காம் படி: நம் பக்கத்தை எளிமையாகச் சொல்லுங்கள். இதற்கு மஞ்சள் பிள்ளையாரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பூஜைக்கு முன் அம்மா கொஞ்சம் மஞ்சளைப் பிசைந்து, அருகம்புல் வைத்து, பிள்ளையாரை எழுந்தருளச் சொல்லி வேண்டுகிறார். பூஜை முடிந்ததும் வழியனுப்பிவிட்டு அந்த மஞ்சளைத் தண்ணீரில் கரைத்துவிடுகிறார். மஞ்சள்தான் கடவுள் என்று நினைப்பவர் கரைப்பாரா? நாம் அழைக்கிறோம், அவர் அருளால் வருகிறார் என்பது நம் நம்பிக்கை. கோவிலில் கும்பாபிஷேகத்தின் போது நடப்பதும் பெரிய அளவில் இதே மாதிரிதான்.

ஐந்தாம் படி: மிச்சம் இருக்கும் வித்தியாசத்தைச் சொல்லி நிறுத்துங்கள். "உங்களுக்கு இறைவன் உருவத்துல வரவே மாட்டார். எங்களுக்கு, அன்புக்காக இறங்கி வருவார். இங்கதான் நாம வேறுபடுறோம்." இதைச் சொல்வதில் தோல்வி எதுவும் இல்லை. இப்போதுதான் இருவருக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

இடையில் பதில் தெரியாத கேள்வி வந்தால், "தெரியல, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். கேட்டுவிட்டுப் போய்ச் சொல்லவும் வேண்டும்!

காவடிக் கேள்விக்கும் இதே ஐந்து படிகளைப் போட்டுப் பாருங்கள். அதில் ஒரு கூடுதல் பாடம் கிடைக்கும். வேல் குத்துவதைப் பற்றி நம் சமூகத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பெரியார் 1929-ல் மலாயாவுக்கு வந்து சென்ற காலத்தை ஒட்டி, இங்குள்ள சீர்திருத்தக்காரர்கள் காவடியையும் தீமிதியையும் எதிர்த்துப் பேசினார்கள். பால்குடம் மட்டும் எடுக்கும் பக்தர்கள் உண்டு. அலகு குத்தி நேர்த்திக்கடன் செலுத்தினால்தான் மனசு ஆறும் என்பவர்களும் உண்டு. நண்பர் கேட்கும்போது, "எல்லா இந்துக்களும் இப்படித்தான்" என்று சொல்லாதீர்கள். உங்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று சொன்னாலே போதும்.

வீட்டுக்குள் வரும்போது

நண்பரிடம் பேசுவது ஒருவிதத்தில் சுலபம். பேச்சு முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். ஒரே வீட்டுக்குள் என்றால் எங்கே போவது?

என் வகுப்புக்கு வரும் ஒரு தம்பியின் வீட்டு விஷயத்தை, அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். அவருடைய அண்ணன் கிறிஸ்துவராகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பாவுக்கு உடல்நிலை மோசமானது. அப்பாவுக்கு மூத்த மகன்தான் கொள்ளி வைப்பது வழக்கம். "எனக்கு அதைச் செய்ய முடியாது" என்று அண்ணன் சொல்லிவிட்டார். அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பெற்ற மகனே இப்படியா என்று சொந்தக்காரர்கள் ஏச, அவர் வீட்டுப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

"அவரை எப்படிணே மடக்குறது?" என்று தம்பி என்னிடம் கேட்டார். மடக்குவது ஜல்பம். வாதத்துக்கு வழி இருக்கிறதா என்று பார்ப்போமே என்றேன். வகுப்பில் இருவரை எதிரெதிரே உட்கார வைத்துப் பழகினோம். பிறகு அவர் அண்ணனைத் தேடிப் போனார்.

"அண்ணே, நான் குறுக்க பேச மாட்டேன். நீ எதை நம்புற, ஏன் நம்புறன்னு மட்டும் சொல்லு."

அண்ணன் வெகுநேரம் பேசினாராம். முடிந்ததும் தம்பி தான் புரிந்துகொண்டதைச் சொன்னார். "ஒரே கடவுளைத்தான் கும்பிடுவேன்னு நீ வாக்குக் கொடுத்திருக்க. காரியத்துல செய்ற பூஜையும் மந்திரமும் அந்த வாக்கை மீறுறதா உனக்குப் படுது. அப்பா மேல பாசம் இல்லாம இல்ல. சரியாண்ணே?"

"இத்தனை வருஷத்துல இந்த வீட்டுல யாரும் இதைக் கேட்டதே இல்லடா" என்றாராம் அண்ணன்.

அதன் பிறகு தம்பி தம் பக்கத்தைச் சொன்னார். "எங்களுக்குக் கொள்ளிங்கிறது பெத்தவங்களுக்குப் பிள்ளை தீர்க்குற கடன். அது சரியா நடக்கலன்னா அப்பா போற வழியில நிம்மதி இருக்காதுன்னு அம்மா பயப்படுறாங்க. உன்மேல கோபம்னு நீ நினைக்கிற. அது பயம்ணே."

பிறகு இருவரும் இறுதிச் சடங்கை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார்கள். எது அண்ணனுக்கு வழிபாடு, எது பிள்ளையின் கடமை என்று பிரித்தார்கள். சில மாதங்களில் அப்பா காலமானார். கொள்ளி வைத்தவர் தம்பி. பெட்டிக்கு முன்னால் தோள் கொடுத்தவர் அண்ணன். மின்சுடலையில் கடைசிவரை நின்றார். 16-ஆம் நாள் காரியத்தில் பூஜையில் உட்காரவில்லை. ஆனால் வந்தவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறியது அவர்தான்.

அண்ணன் கோவிலுக்குத் திரும்பவில்லை. தம்பியின் நம்பிக்கையும் மாறவில்லை. மூத்தவன் கையால் நடக்கவில்லையே என்ற வருத்தம் அம்மாவுக்கு இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் இப்போது பேச்சு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் சாப்பிட வருகிறார்.

எல்லைகள்

பேசத் தெரிவதோடு, எங்கே நிறுத்துவது என்றும் தெரிய வேண்டும்.

ஒன்று, சட்டம். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. முஸ்லிம்களிடையே பிற சமயக் கொள்கைகளைப் பரப்புவதைச் சட்டம் இயற்றிக் கட்டுப்படுத்தலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சிங்கப்பூரில் சமய நல்லிணக்கத்தைக் காக்க 1990-ல் தனிச் சட்டமே நிறைவேறியது. கேட்டவருக்கு நம் வழக்கத்தை விளக்குவது வேறு, ஒருவரை நம் பக்கம் இழுக்கப் பேசுவது வேறு. நம் வேலை முதலாவது மட்டுமே.

இரண்டு, இடம். பத்துப் பேர் வேடிக்கை பார்க்கும்போது வாதம் தானாக ஜல்பமாகிவிடும். வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவில் நடப்பதும் அப்படித்தான். "இதை நேர்ல பேசலாமா?" என்று கேளுங்கள். வர மறுத்தால் அதோடு விடுங்கள்.

மூன்று, அவமதிப்பு. ஒருவர் நம் தெய்வங்களைக் கொச்சையாகப் பேசினால் நாம் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. "இப்படின்னா நான் பேச விரும்பல" என்று எழுந்து வரலாம். பதிலுக்கு அவருடைய தெய்வத்தைக் கொச்சைப்படுத்த மட்டும் நமக்கு அனுமதி இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இப்படியெல்லாம் பேசவிட்டால் பிள்ளை மாறிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் வகுப்பில் நான் பார்த்தவரை, கேள்வி கேட்டதும் "வாயை மூடு" என்று பதில் கிடைத்த பிள்ளைகள்தான் முதலில் வகுப்பை விட்டு விலகுகிறார்கள். பதில் தேடப் பழகிய பிள்ளை தன் சமயத்தையும் தேடிப் படிக்கிறது. மஞ்சள் பிள்ளையாரைப் பற்றி நண்பருக்கு விளக்கும் முன், அம்மாவிடம் போய்க் கேட்டாக வேண்டுமே!

இம்மாதப் பயிற்சி

இருவர் இருவராகப் பிரிந்துகொள்ளுங்கள். ஒருவர் தாம் உறுதியாக நம்பும் ஒன்றை 3 நிமிடம் பேசட்டும். மற்றவர் குறுக்கிடக் கூடாது. பிறகு கேட்டவர் அதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லட்டும். பேசியவர் "ஆமாம், அதுதான்" என்றால் மட்டுமே இடம் மாறுங்கள்.

கலந்துரையாடக் கேள்விகள்:

1. கடைசியாக நீங்கள் சமயத்தைப் பற்றிப் பேசியது வாதமா, ஜல்பமா, விதண்டையா? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

2. உங்கள் நண்பர் ஒருவரின் சமயத்தில் அவருக்கு மிக முக்கியமான ஒன்றைச் சொல்லுங்கள். அதை அவரிடமே கேட்டு அறிந்தீர்களா, அல்லது பிறர் சொல்லிக் கேட்டதா?

3. "எல்லாம் ஒண்ணுதான்" என்று யாராவது நம் சமயத்தைப் பற்றிச் சொன்னால், நாம் விட்டுக்கொடுக்க விரும்பாத வித்தியாசம் எது?

4. உங்கள் வீட்டில் சமய வேறுபாட்டால் பேச்சு நின்றுபோன உறவு இருக்கிறதா? இருந்தால், அவரிடம் நீங்கள் கேட்கக்கூடிய முதல் கேள்வி என்ன? இதற்கு விடையை வகுப்பில் சொல்ல வேண்டாம். எழுதி உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். நேரம் வரும்போது கேளுங்கள்.